கைப்பையில் சல்லடை வைத்திருந்தவர்

மற்ற பெண்கள் கைப்பையில் சீப்பு வைத்திருப்பார்கள், பொட்டு அட்டை வைத்திருப்பார்கள். எங்கள் மேடம் சல்லடை வைத்திருந்தார். உள்ளங்கை அகலம், பித்தளை விளிம்பு. வலை அவ்வளவு நெருக்கம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால்தான் அதில் ஓட்டை இருப்பதே தெரியும். பஸ்ஸில் சில்லறை தேடும்போது முதலில் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டுதான் பையைத் துழாவுவார். ஒரு தடவை பக்கத்து சீட்டு அம்மா, ஏதோ வேண்டுதலுக்கு வசூல் பண்ணுகிறார் போல என்று அதில் ரெண்டு ரூபாய் போட்டுவிட்டார். மேடம் அதைக் கொஞ்சம் தட்டிப் பார்த்துவிட்டு, "இது இதுல இறங்காதுங்க" என்று திருப்பிக் கொடுத்தார். சிரிக்கவே இல்லை.

அளவைப் பார்த்துத்தான் அவருக்கு உலகம் புரிந்தது. காபித்தூள், ரவை, கோலமாவு, கோயில் திருநீறு என்று எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் சல்லடையில் தட்டுவார். "ரெண்டு பக்கமும் தப்பு" என்பதுதான் அவர் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு. ரொம்பப் பெரிசாக இருந்தாலும் தப்பு, ரொம்பப் பொடியாக இருந்தாலும் தப்பு. நடுவில் ஓர் அளவு இருக்கிறது, அதுதான் பிழைக்கும். அரவை மில்லைப் பார்த்துக்கொண்ட ஏழுமலை ஒரு நாள் துணிந்து, ஏன் கல்யாணம் பண்ணிக்கவில்லை என்று கேட்டுவிட்டான். "வந்ததுல பாதிப் பேரு பாறைங்க. மீதிப் பேரு தூசி" என்றார். அன்றிலிருந்து ஏழுமலைக்கு, தான் எதில் சேர்த்தி என்ற கவலை பிடித்துக்கொண்டது.

நான் அப்போது செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு சின்ன கிராஃபைட் ஆலையில், லேபில் வேலை பார்த்தேன். பென்சிலுக்கும் பேட்டரிக்கும் போகிற கறுப்புச் சரக்கு அது. தெற்கே இருந்து லாரியில் கல் வரும். பெரிய இரும்பு உருளைக்குள் இரும்பு உருண்டைகளோடு அந்தக் கல்லைப் போட்டு, தண்ணீர் விட்டு அரைப்போம். அரைத்த கூழைத் தொட்டியில் விட்டு, கொஞ்சம் டீசலும் பைன் எண்ணெயும் சேர்த்து, அடியிலிருந்து காற்றை ஊதினால் குமிழி குமிழியாக எழும்பும். கிராஃபைட்டுக்குத் தண்ணீர் ஆகாது. குமிழியைக் கண்டால் ஒட்டிக்கொண்டு மேலே வந்துவிடும். கல்தூளுக்குத் தண்ணீர்தான் சொந்தம். அது கீழேயே தங்கிவிடும். மேலே வரும் கறுப்பு நுரையை வழித்துக் காயவைத்தால் சரக்கு, மிச்சமெல்லாம் கழிவுக் குளத்துக்கு. இரண்டிலும் ஒரு சிட்டிகை எடுத்து உலையில் எரித்து, எதில் எவ்வளவு கறுப்பு இருக்கிறது என்று சொல்வது என் வேலை.

கழிவுக் குளம் சாம்பல் நிறமாக இருக்க வேண்டும். எங்கள் குளம் மசியாகக் கறுத்துக் கிடந்தது. மேலே வரவேண்டிய சரக்கு குளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்படியே போனால் ஆலையைச் சாத்த வேண்டியதுதான் என்று முதலாளி வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். நான் மகளோடு தனியாக இருந்தவள். என் சம்பளத்தில்தான் அவள் படிப்பு ஓடிக்கொண்டிருந்தது. தினமும் ஆலைக்குள் நுழைவதற்கு முன்னால் அந்தக் குளத்தின் நிறத்தைப் பார்ப்பேன்.

முதலாளி நல்ல மனிதர். மூன்று தலைமுறையாக மாவு மில் வைத்திருந்த குடும்பம். கிராஃபைட்டுக்கு வந்த பிறகும் விரல் மட்டும் மாவு மில்லிலேயே இருந்தது. உருளையிலிருந்து வரும் கூழைத் தொட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்ப்பார். "நெருடுது ஏழுமலை. இன்னும் கொஞ்சம் ஓட்டு" என்பார். சரக்கு கம்மியாக ஆக, இன்னும் நைசாக அரைக்கச் சொன்னார். "நல்லா அரைச்சாத்தானே உள்ள இருக்கறது வெளிய வரும்?" என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. மாவு நைசாக இல்லையென்றால் மில்காரனைத் திட்டும் ஊரில் வளர்ந்த எங்களில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

இந்த நிலைமையில்தான் மேடத்தைக் கூப்பிட்டார்கள். வடக்கே ஒரு தாமிர ஆலையில் வெகுகாலம் இதே குமிழி வேலை பார்த்து, போதும் என்று விட்டுவிட்டு வந்தவர். நம் மாவட்டத்து நயினார் குடும்பம். காலங்காலமாக இங்கேயே இருக்கிற சமணர்கள். முதல் நாளே கூழில் ஒரு கரண்டி வாங்கிச் சல்லடையில் ஊற்றி, தண்ணீர் அடித்துக் கழுவினார். சல்லடையில் ஒன்றுமே நிற்கவில்லை. முதலாளி முகத்தில் பெருமை தாங்கவில்லை.

"பாத்தீங்களா மேடம், ஒரு நெருடல் இருக்காது."

"இருக்காது சார். இது கிராஃபைட் இல்ல, கண் மை. எங்க அக்கா பேத்திக்கு வேணா எடுத்துட்டுப் போறேன்."

எல்லாவற்றிலும் நடு அளவு தேடிய மேடத்தின் பேச்சில் மட்டும் நடு அளவு கிடையாது. ஒன்று, இப்படிப் பாறையாக வந்து விழும். இல்லையென்றால், விளக்கம் சொல்கிறேன் என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பொடிப்பொடியாக அரைத்துக் கொட்டுவார். கேட்டவர் மனதில் ஒரு துகள் தங்காது. அன்று முதலாளிக்கு இரண்டும் கிடைத்தது. ஏழுமலை என்னிடம் வந்து, "இன்னாக்கா சொல்றாங்க?" என்றான். "கம்மியா அரைக்கச் சொல்றாங்க" என்றேன். "அத சொல்றதுக்கா இம்மா நேரம்?" என்றான்.

மேடத்துக்குத் தங்க இடம் ஆசிரமத்துப் பக்கம் கிடைத்தது. கீழே வெளிநாட்டுக்காரர்கள் வந்து உட்காரும் ஒரு காபி கடை, மேலே அவர் அறை. குழாயில் துணி கட்டி வடிகட்டாமல் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டார். வெங்காயம், உருளைக்கிழங்கு எதுவும் தொட மாட்டார். சூரியன் மறைந்த பிறகு சாப்பாடு கிடையாது. மாலை நேரத்தில் எந்தச் சோதனை நடந்துகொண்டிருந்தாலும், வெயில் மஞ்சளாகும்போது சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு பின்பக்கத்து வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். "தொட்டி காத்துட்டு இருக்கும். சூரியன் இருக்காது" என்பார்.

அந்தக் காபி கடையில் அவர் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். ஒரு பாட்டில் சோடாவைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, அதில் ஒரு சிட்டிகை எதையாவது போட்டு, குமிழி எதைத் தூக்குகிறது, எதை விடுகிறது என்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி இதை இரண்டொரு நாள் கவனித்திருக்கிறார். பிறகு தானும் ஒரு சோடா வாங்கி எதிரில் வைத்துக்கொண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்து, மௌனமாகக் குமிழியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அடுத்த வாரம் இன்னும் சிலர் சேர்ந்தார்கள். கடைக்காரருக்கு சோடா வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. மேடத்திடம் கேட்டேன். "யாரும் என்கிட்ட எதுவும் கேக்கலையே. நானா போயி, நான் மொளகுத்தூள் பாக்கறேன்னு சொல்லணுமா?" என்றார்.

அந்த டம்ளரை எனக்கும் காட்டினார். உடைத்த மிளகைப் போட்டால் குமிழி அதைப் பாதி தூரம் தூக்கிவிட்டுக் கை நழுவவிட்டுவிடும். "கல்லோட ஒட்டிட்டு இருக்கிற கிராஃபைட் இப்படித்தான். கனம். விழுந்துடும். அதுக்குத்தான் அரைக்கிறோம், கல்லுலேர்ந்து பிரிக்கறதுக்கு. பிரிஞ்சுதா, போதும். அதுக்கு மேல அரைச்சா என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் மாவைப் போட்டார். டம்ளர் கலங்கியதே தவிர, மேலே ஏறியதைவிட உள்ளே சுற்றிக்கொண்டிருந்ததுதான் ஜாஸ்தி. "குமிழி மேல வரும்போது தண்ணியைத் தள்ளிட்டு வருது. பொடி அந்தத் தண்ணியோடயே விலகிப் போயிடுது. குமிழி மேல படவே இல்ல, அப்புறம் எப்படி ஒட்டும்?"

"அப்போ நம்ம குளத்துல கெடக்கிற பொடியெல்லாம் போனது போனதுதானா மேடம்?"

"கஷ்டம். அதைப் பிடிக்கணும்னா குமிழியைச் சின்னதாக்கணும். பெரிய குமிழி வந்தா அது ஒதுங்கிடும். சின்னக் குமிழி பக்கத்துல போகலாம்." பிறகு டம்ளரைக் கவிழ்த்துவிட்டு, "நம்ம தொட்டிக்கு அது ஆகாது. மொதல்ல பொடியாக்காம இருங்க" என்றார்.

உருளையிலிருந்து பாதி இரும்பு உருண்டைகளை எடுத்து வெளியே போடச் சொன்னார். அரைத்து வருவதைப் பெரிய சல்லடையில் விட்டு, பெரிசாக நிற்பதை மட்டும் திரும்ப உருளைக்கு அனுப்பச் சொன்னார். மூன்றாவது நாளே நுரை கனத்து வந்தது. நான் கழிவை எரித்துப் பார்த்தேன், கறுப்பு கம்மி. சந்தோஷத்தில் வீட்டுக்குப் போகும்போது மகளுக்கு மல்லிப்பூ வாங்கிக்கொண்டு போனேன். அடுத்த நாள் மாலையே பழையபடி கழிவில் கறுப்பு. அதற்கடுத்த நாளும் அப்படியே. காலையில் எடுத்த சிட்டிகை நன்றாக இருக்கும், மாலையில் எடுத்தது மோசம். என் உலையில்தான் கோளாறு என்று நான் பயந்தேன்.

மேடம் உலையைப் பார்க்கவில்லை. காலைக் கூழையும் மாலைக் கூழையும் சல்லடையில் கழுவினார். காலையில் சல்லடையில் நின்றது, மாலையில் நிற்கவில்லை. ஏழுமலையைக் கூப்பிட்டார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீங்க சாப்பிடப் போற நேரத்துல மொதலாளி வராரு மேடம். வெரல்ல தேச்சுப் பாத்துட்டு, உருண்டைய உள்ள போடுன்றாரு. காலைல நீங்க வர்றதுக்குள்ள திருப்பி எடுத்துடச் சொல்றாரு."

மேடம் சூரியனுக்குக் கட்டுப்பட்டு வேப்பமரத்தடிக்குப் போகும் அந்தக் கொஞ்ச நேரத்தை முதலாளி கண்டுபிடித்து வைத்திருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எங்கள் எல்லோருடைய பிழைப்பையும் அந்த மனிதர் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். மேடம் நேரே அவர் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"நெருடுது மேடம்" என்றார் முதலாளி, திருடும்போது பிடிபட்ட மாதிரி. "மனசு கேக்கல. தாத்தா காலத்துலேர்ந்து வந்த வெரலு. இவ்ளோ கரடா ஒரு சரக்கை வெளிய விட முடியல."

"அப்போ வெரலை நம்புங்க. நான் எதுக்கு?"

"நீங்க சொல்றது காதுல ஏறுது, கைக்கு ஏற மாட்டேங்குதே." விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு, "பௌர்ணமி வரைக்கும் பாக்கறேன். அன்னதானத்தை நல்லபடியா முடிச்சுட்டு ஆலையைச் சாத்திடறேன். எல்லாருக்கும் நானே சொல்லிக்கறேன்" என்றார்.

ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தள்ளி, முதலாளி பந்தல் போட்டு சாம்பார் சாதம் கொடுப்பது வழக்கம். ஆலை ஆட்கள் எல்லோரும் போய்ப் பரிமாறுவோம். அந்தப் பௌர்ணமி சாயங்காலம் பாதி ஆட்கள் அழும் முகத்தோடு தொன்னை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். மேடம் இருட்டுவதற்கு முன்னாலேயே சாப்பிட்டு முடித்துவிட்டு வந்து, பந்தல் காலில் சாய்ந்துகொண்டு ஜனங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதலாளி ரோட்டு ஓரத்தில் நின்று, நடந்து போகிறவர்களைக் கைநீட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சார்" என்றார் மேடம். "அந்தக் குடும்பத்தைக் கூப்பிடுங்க."

வயதான அம்மா, தோளில் தூங்கும் குழந்தை, மூட்டை, தண்ணீர் கேன் என்று ஒரு பெரிய கூட்டம் மெதுவாக வந்தது. முதலாளி ஒருவர் கையைப் பிடித்து இழுத்தார். அவர் ஓர் அடி வந்தார். பின்னால் இருந்த கனம் அவரைத் திரும்ப இழுத்துக்கொண்டது. "வேணாங்க, அம்மாவால நிக்க முடியாது" என்று போய்விட்டார்கள்.

"இப்போ அந்தப் பையன்."

காதில் ஏதோ மாட்டிக்கொண்டு ஒருவன் தனியாக விறுவிறுவென்று வந்தான். முதலாளி முன்னால் போய் நின்றார். அவர் வந்ததும் ஜனம் இரண்டு பக்கமும் விலகியது. அவனும் அந்த ஜனத்தோடு விலகி, அவரைத் தொடாமலே சுற்றிக்கொண்டு போய்விட்டான். இன்னொருவனும் அப்படித்தான் போனான்.

"இப்போ பாருங்க."

மூன்று சிநேகிதர்கள் பேசிக்கொண்டு சாதாரணமாக நடந்து வந்தார்கள். முதலாளி கூப்பிடுவதற்கு முன்னாலேயே அவர் கை அவர்கள்மேல் பட்டது. நின்றார்கள், வாங்கினார்கள், சாப்பிட்டார்கள்.

"இவ்ளோ பேரு போறாங்க, உங்ககிட்ட யாரு சாப்பிடறாங்க? நடுவுல இருக்கறவங்கதான். நீங்கதான் சார் குமிழி" என்றார் மேடம். "நீங்க என்ன பண்றீங்க தெரியுமா? சாப்பிடப் போற அந்த மூணு பேரையும் பிடிச்சு, இன்னும் நைசா அரைச்சு, காதுல மாட்டிட்டுப் போறானே, அவனாட்டம் ஆக்கி அனுப்பறீங்க."

அரை மணி நேரம் அரைக்காமல், கல்லாகவும் போடாமல், மேடம் ஒன்றைத் தோதான அளவில் சொல்லி நான் கேட்டது அன்றுதான். முதலாளி கரண்டியைப் பிடித்தபடி நின்றார். வருகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். விறுவிறுவென்று போன இன்னொருவனை எட்டிப் பிடிக்கப் பார்த்து, பிடிக்க முடியாமல் திரும்பி வந்தார். பிறகு, ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டுக் கூட்டத்தோடு கூட்டமாகத் திரும்பவும் தொன்னை நீட்டிய ஒருவரைக் காட்டி, "இவரு யாரு மேடம்?" என்று கேட்டார்.

"கல்தூசி. பொடியா இருந்தா அதுவும் நுரைத் தண்ணியோட ஏறி வந்து சரக்கைக் கெடுக்கும்."

முதலாளி சிரித்துவிட்டார். சாம்பார் கையோடு அங்கிருந்தே ஏழுமலையைக் கூப்பிட்டு, "நாளைக்கு உருண்டையை எடுத்துடு. நான் வந்து கேட்டாலும் உள்ள போடாத" என்றார். தன் விரலைத் தானே நம்ப வேண்டாம் என்று ஒரு மனிதர் நாலு பேருக்கு முன்னால் சொல்வது லேசான காரியம் இல்லை. அன்று அவர்மேல் எனக்கு இருந்த கோபம் போய்விட்டது.

அதற்குப் பிறகு கழிவில் கறுப்பு குறைந்துகொண்டே வந்தது. குளத்தின் ஓரம் முதலில் வெளுத்தது, பிறகு நடுவிலும் சாம்பல் நிறம் வந்தது. ஆலையைச் சாத்துகிற பேச்சு நின்றது. என் மகள் படிப்பும் நிற்கவில்லை. ஆனால், குளம் வெளுக்க வெளுக்க எனக்கு வேறொரு வருத்தம் சேர்ந்துகொண்டது. ஆலை சரியாகிவிட்டால் மேடத்துக்கு இங்கே வேலை இல்லை. ஒரு நாள், "இன்னும் கொஞ்ச நாள் இருங்களேன் மேடம்" என்று சொல்லியே விட்டேன். "ஆனதுக்கு அப்புறமும் ஓட்டினா அதுவும் ஜாஸ்தி அரவைதான்" என்றார். பாறை.

முதலாளி பெரிய பிரிவுபசார விழா ஏற்பாடு செய்தார். மேடை, சால்வை, ஆளுயர மாலை. ஆலை வாசலில் மேடம் படம் போட்ட பெரிய ஃபிளெக்ஸ். படத்தில் அவர் முகத்தை எவனோ பாலாடை மாதிரி வெளுப்பாக்கியிருந்தான். கம்பம் நட்டுக் கட்டிக்கொண்டிருந்ததை ஆட்டோவில் வந்த மேடம் தூரத்திலிருந்தே பார்த்திருக்கிறார். ஆட்டோ அப்படியே திரும்பியது. அறைச் சாவி காபி கடைக்காரரிடம் இருந்தது. சோடா டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. போய்விட்டார்.

முதலாளி மாலையை மடியில் வைத்துக்கொண்டு மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். "என்னம்மா தப்பு பண்ணோம்? மரியாதைதானே செய்ய நெனச்சோம்" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

"குமிழி ரொம்பப் பெரிசாப் போச்சு சார். அவங்க ஒதுங்கிட்டாங்க."

அடுத்த பௌர்ணமிக்கு முதலாளி மதியம் மூன்று மணிக்கே எங்களைப் பந்தலுக்கு வரச் சொல்லிவிட்டார். கிரிவலம் போகிற ஜனம் சேர்வதே பொழுது சாய்ந்த பிறகுதான். வெயிலில் சூடான அண்டாவைச் சுற்றி நாங்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். சமையல்காரர், யாருக்காக இவ்வளவு சீக்கிரம் என்று முணுமுணுத்தார். அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பாத்திரம் தனியாக இருந்தது. வெங்காயம் இல்லாத சாதம். ஒரு குடத்தின் வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. நான் மேடத்துக்குப் போனில் ஒரே வரி அனுப்பியிருந்தேன்: பௌர்ணமிக்கு வெயில் இருக்கும்போதே சோறு போடறோம். பதில் வரவில்லை. அந்த மாதம் அவரும் வரவில்லை. அடுத்த மாதமும் மூன்று மணிக்கே போனோம்.

அதற்கு அடுத்த பௌர்ணமியில், வெயில் மஞ்சளாகும் நேரத்தில், தோளில் கைப்பையோடு ஒருவர் தனியாக விறுவிறுவென்று வருவது தெரிந்தது. ஏழுமலை எழுந்து ஓடப் பார்த்தான். முதலாளி அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். தானும் ரோட்டுக்குப் போகவில்லை, கைநீட்டவில்லை, வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. தொன்னையில் கொஞ்சம் சாதம் எடுத்துப் பந்தல் ஓரத்து ஸ்டூலில் வைத்துவிட்டுத் தள்ளி வந்து நின்றுகொண்டார்.

மேடம் நின்றார். மேற்கே பார்த்தார், சூரியன் இன்னும் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்டூல் பக்கம் வந்தார். தொன்னையிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"குழைஞ்சுபோச்சு சார்" என்றார். "ஒரு கொதி ஜாஸ்தி."

பிறகு உட்கார்ந்து, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.